டிஎம்ல வர்ற வேலை: வாசகர் கேள்வியும் அக்கா பதிலும்

போன மாசம் பி.ஜி. அட்வான்ஸ திருப்பித் தராத ஓனருங்கள பத்தி எழுதினேன், அதுக்கு வந்த திட்டும் நன்றியும் இன்னும் நின்னபாடில்ல. இந்த தடவை வந்த கடிதங்கள்ல நாலு, அடல்ட் வீடியோ ஏஜென்சி வேலைங்கற ஒரே விஷயத்த சுத்தி சுத்தி வருது, நாலு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாது, ஆனா படிக்கும்போது நாலும் ஒரே வீட்டோட நாலு ரூம் மாதிரி இருந்துச்சு. அதனால ஒரே ஒரு கோவக் கடிதத்தத் தவிர மத்த கேள்விங்கள அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் பெங்களூரு பிடிஎம் லேஅவுட்ல பி.ஜி.ல (பேயிங் கெஸ்ட்டா) இருக்கேன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், வயசு 22. மூணு மாசமா வேலை இல்ல. இன்ஸ்டால புடவை கட்டி ரீல்ஸ் போடுவேன், ஆறாயிரம் ஃபாலோயர்ஸ். போன வாரம் ஒரு பொண்ணு டிஎம் (தனி மெசேஜ்) பண்ணா, "உங்க லுக் செம, எங்க ஏஜென்சிக்கு மாடல் தேடறோம், மாசம் ஒண்ணுலேர்ந்து ரெண்டு லட்சம், வீட்ல இருந்தே பண்ணலாம், முகம் காட்ட வேணாம்"னு. மூணாவது நாள்தான் அடல்ட் கன்டென்ட்னு சொன்னா. ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்கா, ஸ்க்ரீன்ஷாட் இதோட வச்சிருக்கேன். ரொம்ப அன்பா பேசறா அக்கா, சாப்டியான்னு கேக்கறா. இது நிஜ ஏஜென்சியா, ஃப்ராடா? - பெயர் வேண்டாம்

பதில்: அந்த ஃபார்ம ரெண்டு தடவை படிச்சேன்மா. மொத்தம் 16 கேள்வி. உயரம், எடை, ஆதார் ரெண்டு பக்கமும், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், இன்ஸ்டா பாஸ்வேர்ட் ("வெரிஃபிகேஷனுக்கு மட்டும்"னு பக்கத்துல ஒரு சிரிக்கிற பொம்மை வேற), ஒரு சாம்பிள் வீடியோ. வேலை நேரம் என்ன, சம்பளம் எந்த தேதி, யார் கம்பெனி, எங்க ஆபீஸ்னு ஒரு வரி கிடையாது. 15வது கேள்வி இது: "இந்த வேலை பத்தி உங்க வீட்ல யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியக்கூடாது?" அந்த இடத்துல கையில இருந்த டீ டம்ளர கீழ வச்சுட்டேன். ஆளெடுக்கறவனுக்கு இது எதுக்கு? நாளைக்கு நீ முடியாதுன்னு சொன்னா எந்த இடத்துல அமுக்கினா வலிக்கும்னு இன்னிக்கே உன் கையாலயே எழுதி வாங்கிக்கறான்.

நானும் இந்த ஊர்ல 14 வருஷம் ஆளெடுக்கிற வேலைல இருந்தவதான். 2003, 2004 வாக்குல நான் வேலை பாத்த கன்சல்டன்சில ஒரு ஸ்டீல் பீரோ இருந்துச்சு, அது நிறைய புள்ளைங்களோட ஒரிஜினல் மார்க்‌ஷீட், டிகிரி சர்டிஃபிகேட். வேலைய விடணும்னா பாண்ட் பணத்தக் கட்டு, அப்பதான் பீரோ திறக்கும். ஒரு பையன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகணும், வேலைய விடறேன்னு அழுதான், சாவி என் டிராயர்ல இருந்துச்சு, நான் குடுக்கல. அது இன்னும் உறுத்துது. இப்ப பீரோ இல்ல, பாஸ்வேர்ட் இருக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, நிஜமா ஃப்ராடான்னு கேட்ட. இந்த தொழில்னு ஒண்ணு உலகத்துல இருக்கு, அது பொய் இல்ல. ஆன்லிஃபேன்ஸ்னு ஒரு சைட் 2016ல லண்டன்ல ஆரம்பிச்சாங்க, காசு கட்டி சப்ஸ்க்ரைப் பண்ணா பாக்கலாம், வர்ற காசுல சைட் 20 பர்சன்ட் எடுத்துக்கும், 80 க்ரியேட்டருக்கு. இந்த 80க்குள்ள கை விடத்தான் ஏஜென்சின்னு ஒரு கூட்டம் முளைச்சுது. அக்கவுண்ட நாங்க பாத்துக்கறோம், போஸ்ட் நாங்க போடறோம், ஃபேன்ஸ் கிட்ட நாங்க பேசறோம், நீ வீடியோ மட்டும் குடு, பாதி எங்களுக்குன்னு பேரம். 100 டாலர் வந்தா சைட்டுக்கு 20, ஏஜென்சிக்கு 40, உனக்கு 40, அதுவும் ஒழுங்கா கணக்கு காட்டினாத்தான், ஏன்னா லாகின் அவன் கையில, எவ்ளோ வந்துச்சுன்னு அவன் சொல்றதுதான் உனக்குக் கணக்கு. ஒண்ணுலேர்ந்து ரெண்டு லட்சம்கிற வார்த்தைய பாத்ததும் எனக்கு டெல்லி பக்கம் நொய்டா கேஸ்தான் ஞாபகம் வந்துச்சு. 2025 மார்ச்ல அமலாக்கத்துறை அங்க ஒரு வீட்ல சோதனை போட்டுது, வீட்டுக்குள்ளயே வெப்கேம் ஸ்டூடியோ, பொண்ணுங்கள சோஷியல் மீடியா விளம்பரம் போட்டு இழுத்தாங்க, வெளிநாட்டு கம்பெனிகிட்டேர்ந்து விளம்பரம், மார்க்கெட் ரிசர்ச்சுன்னு பொய்க்கணக்கு காட்டி 15 கோடிக்கு மேல வந்திருக்குன்னு சொன்னாங்க. அதுல பங்கு எப்படி தெரியுமா, நடத்தினவங்களுக்கு 75, கேமரா முன்னாடி உக்காந்த பொண்ணுக்கு 25. இது அந்தத் துறை சொன்ன குற்றச்சாட்டு, ஆனா அந்த 75-25 பத்தி நான் ஆச்சரியப்படல.

இப்ப சட்டம். இத எந்த ரெக்ரூட்டரும் சொல்ல மாட்டா. ஐடி சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 67ஏ பிரிவு, பாலியல் செயல வெளிப்படையா காட்டறத ஆன்லைன்ல வெளியிட்டா, அனுப்பினா, வெளியிட வச்சா, முதல் தடவை 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 10 லட்சம் வரைக்கும் அபராதம். இஷ்டப்பட்டு பண்ணேன், 18 வயசு ஆச்சு, பாக்கறவன் அமெரிக்காவுல இருக்கான், இதெல்லாம் அந்தப் பிரிவுல விலக்கா எழுதி வைக்கல. ஜாமீன் வேற சுலபமா கிடைக்காது, அது ஜாமீன்ல விடக்கூடிய குத்தம் இல்ல. அந்தப் பிரிவு சரியா தப்பான்னு வேற நாள் சண்டை போடலாம், எனக்கே அதுல கேள்வி இருக்கு. ஆனா இன்னிக்கு போலீஸ் வந்தா முதல்ல மாட்டறது வீடியோல இருக்கற ஆள், டெலிகிராம்ல இருக்கற ஏஜென்சி இல்ல, அது நம்பர மாத்திட்டுப் போயிடும்.

முகம் காட்ட வேணாம்ங்கறதையும் நம்பாத. சைட்ல அக்கவுண்ட் தொறக்க ஐடி கார்டும் செல்ஃபியும் வேணும், அப்ப அது உன் பேர்லதான் தொறக்கும். அப்புறம் கையில இருக்கற மச்சம், குரல், உன் பி.ஜி. ரூமோட அந்த ஆரஞ்சு கர்ட்டன், உன் ரீல்ஸ்லயே மூணு எடத்துல பாத்தேன் நான், உன்ன தெரிஞ்சவங்களுக்கு அது போதும். ஃபார்ம நிரப்பாத. ஆதார ஏற்கனவே அனுப்பிட்டேன்னா ஆதார் ஆப்ல பயோமெட்ரிக்க லாக் பண்ணு, இன்ஸ்டா பாஸ்வேர்ட மாத்து, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடு. அன்பா பேசறாளேன்னு கேட்டியே, அடுத்த கடிதத்தப் படி.

கேள்வி: வணக்கம் அக்கா. ஹெச்எஸ்ஆர் லேஅவுட்ல ஒரு சின்ன ஆபீஸ்ல சேந்து ரெண்டு மாசம் ஆகுது. ஆஃபர் லெட்டர்ல டேலன்ட் அக்விசிஷன் எக்ஸிக்யூட்டிவ். சம்பளம் 22,000, ஒரு பொண்ணு சேந்தா 3,000 இன்சென்டிவ். எனக்கு அஞ்சு ஃபோன் குடுத்திருக்காங்க, எல்லாத்துலயும் பொண்ணு பேர்ல இன்ஸ்டா அக்கவுண்ட். தினம் 80 டிஎம் அனுப்பணும், எப்படி பேசணும்னு ஸ்க்ரிப்ட் இருக்கு. அடல்ட் மேட்டர்னு மூணாவது நாள்தான் சொல்லணும், அதுவரைக்கும் மாடலிங். வேலூர்ல வீட்டு லோன் போய்ட்டிருக்கு. நான் யாரையும் கட்டாயப்படுத்தல, விருப்பம் இருக்கறவங்கதானே வர்றாங்க. இதுல எனக்கு ஏதாவது பிரச்சனை வருமா? - வேலூர்க்காரன்

பதில்: தம்பி, மேல ஒரு பொண்ணு "சாப்டியான்னு கேக்கறா"ன்னு எழுதியிருக்கால்ல, அந்த 'அவ' நீயா இருக்கலாம். நீ இல்லன்னா உன்ன மாதிரி அஞ்சு ஃபோனோட இன்னொரு ஆபீஸ்ல உக்காந்திருக்கற இன்னொரு பையன். மூணாவது நாள்ங்கற கணக்கு ரெண்டு கடிதத்துலயும் அச்சு அசலா இருக்கு பாரு. ஸ்க்ரிப்ட்ல "சாப்பிட்டீங்களான்னு கேக்கவும்"னு ஒரு வரி இருக்கான்னு பாத்து சொல்லு.

நீ கட்டாயப்படுத்தல, ஒத்துக்கறேன். ஆனா விருப்பம்னா என்ன? முதல் நாளே வேலை இதுதான், சட்டம் இப்படி, உனக்கு வர்றது இவ்ளோன்னு சொல்லி, அப்புறம் அவ சரின்னா அது விருப்பம். மூணு நாள் பேசிப் பழகி, வாடகை கட்ட முடியலன்னு அவ வாயால சொல்ல வச்சு, அப்புறம் சொல்றது வேற. எங்க காலத்துல டெலிகாலிங் பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன், முதல் கால்ல சம்பளத்த சொல்லாத, ரெண்டாவது கால்ல சொல்லுன்னு. நூறு பேருக்கு அடிச்சா பத்து பேர் பேசுவான், ஒருத்தன் வருவான், இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. உன் 80 டிஎம்மும் அதே வலைதான், மீன்தான் வேற.

பிரச்சனை வருமான்னா, வரும். பொண்ணு பேர்ல, பொண்ணு போட்டோ வச்சு நீ ஏமாத்திப் பேசறது ஐடி சட்டம் 66டி, ஆள் மாறாட்டம் பண்ணி ஏமாத்தறது, 3 வருஷம் வரைக்கும். அந்த போட்டோ எந்தப் பொண்ணோடது, அவளுக்கு இது தெரியுமான்னு கேட்டியா? 67ஏல "வெளியிட வச்சா"ன்னு இருக்குன்னு சொன்னேனே, அந்த வார்த்தை ஏஜென்சிக்காரங்களுக்காகவே தச்ச சட்டை மாதிரி இருக்கு. ஏமாத்திக் கூட்டிட்டு வந்து அவள வச்சு சம்பாதிச்சாங்கன்னு ஆச்சுன்னா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 143, ஆள் கடத்தல், அதுல குறைஞ்சதே 7 வருஷம். கடத்தல்னா வேன்ல வாயப் பொத்தி தூக்கிட்டுப் போறதுன்னு நெனச்சுக்காத, ஆசை காட்டி, ஏமாத்தி ஆளெடுக்கறதும் அதுக்குள்ள வருது.

எனக்கு இதெல்லாம் விட பயமா இருக்கறது வேற ஒண்ணு. தினம் 80 பேரு, மாசம் ரெண்டாயிரத்துக்கு மேல. அதுல எத்தன பேரு 17 வயசுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பயோல 19னு போட்டிருப்பா, பத்தாவது யூனிஃபார்ம் போட்டோவ ஹைலைட்ல இருந்து எடுக்க மறந்திருப்பா. அவ சாம்பிள்னு ஒண்ணு அனுப்பி அது உன் ஃபோன்ல விழுந்த நிமிஷம் குழந்தைங்க ஆபாசத்துக்கான 67பியும் போக்ஸோவும் உன் பேர்ல நிக்கும். 18ன்னு நெனச்சேன் சார்னு நீ சொல்லிட்டே இருக்கலாம், ஆபீஸ் ஓனர் அந்த ஃபோன் சிம்ம யார் பேர்ல வாங்கியிருக்கான்னு போய்ப் பாரு முதல்ல. உன் ஆதார குடுத்துதானே வாங்கினாங்க?

விடு தம்பி அந்த வேலைய. சிம்மெல்லாம் உன் பேர்ல இருந்தா கடைக்குப் போய் க்ளோஸ் பண்ணு, ஃபோன திருப்பிக் குடுத்ததுக்கு மெயில்ல ஒரு வரி வாங்கு, ஸ்க்ரிப்ட்டையும் சாட் மெசேஜையும் அழிக்காத, நாளைக்கு நீ என்ன தெரிஞ்சு என்ன தெரியாம பண்ணேன்னு காட்ட அதான் இருக்கும். வக்கீல் ஒருத்தர ஒரு தடவை பாத்துடு. ரெண்டு மாசத்த ரெஸ்யூம்ல காட்டாத, ரெண்டு மாச கேப்ப பத்தி இந்த ஊர்ல எந்த ஹெச்ஆரும் கேக்க மாட்டா. 22,000க்கு பிபிஓ வேலை எலக்ட்ரானிக் சிட்டிலயும் ஒயிட்ஃபீல்ட்லயும் இன்னும் கிடைக்குது, சலிப்பான வேலைதான், ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

கேள்வி: அன்புள்ள சகோதரிக்கு, அல்சூர்லேர்ந்து எழுதறேன். என் மகனுக்கு 23 வயசு, நைட் ஷிஃப்ட், வீட்ல இருந்தே வேலை, கஸ்டமர் சப்போர்ட்னு சொல்றான். போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்தேன், அவன் லேப்டாப்ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு போட்டோ, இவன் "மிஸ் யூ டார்லிங், எப்ப பேசுவே"ன்னு டைப் பண்றான். கேட்டா வேலைன்னு சொல்றான். எங்க வீட்ல காதல் கல்யாணத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டோம், ஆனா வெளிநாட்டுப் பொண்ணுன்னா கொஞ்சம் யோசிக்கணும்ல?

பதில்: அம்மா, சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க புள்ள அந்த வெள்ளைக்காரப் பொண்ண லவ் பண்ணல. உங்க புள்ளதான் அந்த வெள்ளைக்காரப் பொண்ணு.

இதுக்கு சாட்டர்னு பேரு. ஏஜென்சி ஒரு பொண்ணோட அக்கவுண்ட எடுத்துக்கும், அவளுக்கு வர்ற நூத்துக்கணக்கான மெசேஜுக்கு அவளால பதில் போட முடியாது, அதனால ஷிஃப்ட் போட்டு மணிக்கணக்கு கூலிக்கு பசங்கள உக்கார வச்சு அவ மாதிரியே பேச வைப்பாங்க. காசு கட்டற ஆளு எங்கயோ டெக்சாஸ்ல தனியா உக்காந்துக்கிட்டு அவதான் பேசறான்னு நெனச்சுட்டிருப்பான், இங்க அல்சூர்ல மோர் குடிச்சுட்டு உங்க புள்ள "மிஸ் யூ" போடுவான். அமெரிக்காவுல இப்படி ஏமாந்தோம்னு சப்ஸ்க்ரைபருங்க 2024ல கேஸே போட்டாங்க. அவன் சொன்னது பொய் இல்ல பாருங்க, ஒரு விதத்துல கஸ்டமர் சப்போர்ட்தான். ஆனா மேல அந்த வேலூர் தம்பிக்கு சொன்ன 66டி இவனுக்கும் யோசிக்க வேண்டிய விஷயம், அந்தப் பொண்ணோட வீடியோவ இவன் கையால அனுப்பினா 67ஏவும். சண்டை போடாதீங்க, பக்கத்துல உக்காந்து இந்தப் பக்கத்த படிக்கக் குடுங்க. கல்யாணப் பேச்ச அப்புறம் எடுக்கலாம்.

கேள்வி: இந்த மாதிரி அசிங்கத்துக்கெல்லாம் குடும்பப் பத்திரிகைல பக்கம் ஒதுக்கறது சரியா? அந்தப் பொண்ணுங்கள செருப்பால அடிக்காம அட்வைஸ் பண்றீங்களே? - இந்திரா நகர் வாசகர்

பதில்: உங்க செருப்ப கால்லயே வச்சுக்கோங்க சார். இந்தப் பக்கத்துக்கு எழுதற பொண்ணுங்க வேற எங்கயும் கேக்க முடியாமத்தான் இங்க கேக்கறாங்க. 15வது கேள்விய எழுதினவனுக்கு பலமே உங்க செருப்புதான்.

கேள்வி: அக்கா, நான் ஏற்கனவே மாட்டிக்கிட்டேன். எட்டு மாசம் முன்னாடி ஒரு ஏஜென்சில கையெழுத்து போட்டேன். அக்கவுண்ட் என் பேர்ல, ஆனா மெயில் ஐடி, பாஸ்வேர்ட் எல்லாம் அவங்ககிட்ட. மூணு மாசமா பணம் வரல. விடறேன்னு சொன்னதுக்கு 500 ரூபா பத்திரத்துல இருக்கற பாண்ட காட்டி பத்து லட்சம் கேக்கறாங்க, இல்லன்னா வீடியோவ அப்பாவுக்கும் ஊர்ல சித்தப்பாவுக்கும் அனுப்புவேன்னு சொல்றாங்க. போலீசுக்குப் போனா என்னையே புடிப்பாங்களா? நான் லிங்கராஜபுரம். வயசு 26. தூங்கி ரொம்ப நாள் ஆச்சு.

பதில்: உனக்குத்தான் முதல்ல எழுத உக்காந்தேன், கடைசில வச்சதுக்குக் காரணம் நிதானமா எழுதணும்னுதான். பத்திரிகை வர்ற வரைக்கும் நீ காத்திருக்கக் கூடாதுன்னு போன வாரமே உனக்கு மெயில்ல பதில் போட்டுட்டேன், மத்தவங்களுக்கும் ஆகும்னு இங்க எழுதறேன்.

அந்தப் பத்திரத்துக்கு பயப்படாத. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 23, சட்டம் தடை பண்ண காரியத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. பத்து லட்சம் குடுன்னு அவன் கோர்ட்டுக்குப் போகணும்னா, நான் இந்தப் பொண்ண வச்சு என்ன தொழில் பண்ணேன்னு ஜட்ஜ் முன்னாடி அவனே சொல்லணும், போவானா? ஆனா ஒண்ணு, அதே கத்தி உன் பக்கமும் வெட்டும், அந்த மூணு மாசப் பணத்தக் கேட்டு நீயும் அந்த ஒப்பந்தத்த வச்சு கேஸ் போடறது கஷ்டம். அந்தக் காச போனதா நெனச்சுக்கோ, வலிக்கும், தெரியும்.

வீடியோவ அனுப்புவேன்னு மிரட்டிப் பணம் கேக்கறது மிரட்டிப் பறிக்கறது, நியாய சன்ஹிதா 308, 7 வருஷம் வரைக்கும். இன்னொன்ன நல்லா மனசுல வச்சுக்கோ: அதே சட்டத்தோட 77வது பிரிவுல, ஒரு பொண்ணு வீடியோ எடுக்க சம்மதிச்சிருந்தாலும் மூணாவது ஆளுக்கு அனுப்ப சம்மதிக்கலன்னா, அனுப்பினவன் குத்தவாளின்னு தெளிவா விளக்கமே குடுத்திருக்காங்க. சப்ஸ்க்ரைபருக்குப் போட சம்மதிச்சது உன் சித்தப்பாவுக்கு அனுப்ப சம்மதிச்சதா ஆகாது.

உன்னையும் புடிப்பாங்களான்னு கேட்ட. மழுப்ப மாட்டேன், 67ஏ இருக்கறதால அந்த ஆபத்து பூஜ்யம்னு என்னால சொல்ல முடியாது. அதனால தனியா ஸ்டேஷனுக்குப் போகாத, வக்கீலோட போ. வக்கீலுக்குக் காசு இல்லன்னு மெயில்ல எழுதியிருந்த. சட்ட உதவிச் சட்டப்படி பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும், 15100க்கு ஃபோன் பண்ணு, கன்னடம் வரலன்னா தமிழ் தெரிஞ்ச வக்கீல் வேணும்னு கேளு, இந்த ஊர்ல தமிழ் வக்கீலுக்கா பஞ்சம். அவங்க சொன்னதுக்கப்புறம் உங்க ஏரியா சிஇஎன் ஸ்டேஷன், அதான் சைபர் கேசுங்கள பாக்கற ஸ்டேஷன், இல்லன்னா நேஷனல் சைபர் க்ரைம் போர்ட்டல். ராத்திரி யாராவது வாசல்ல வந்து நின்னா 112, யோசிக்காத.

வீடியோ பரவாம தடுக்க ஸ்டாப் என்சிஐஐன்னு ஒரு சைட் இருக்கு, 2021லேர்ந்து ஓடுது. உன் ஃபோன்ல இருக்கற வீடியோவ அதுக்கு அப்லோட் பண்ண வேணாம், உன் ஃபோன்லயே அதோட கைரேகை மாதிரி ஒரு கோட் நம்பர உண்டாக்கி அத மட்டும் எடுத்துக்கும், அதுல சேந்திருக்கற சைட்ல யாராவது அந்த வீடியோவ போட வந்தா புடிச்சுக்கும். வாட்ஸாப்ல நேரா ஒருத்தருக்கு அனுப்பறத அது தடுக்காது, அதையும் சொல்லிடறேன். எங்கயாவது ஏறிடுச்சுன்னா அந்த சைட்டோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு நீயே புகார் போடலாம், 2021 ஐடி விதிகள்லயே இந்த மாதிரி படத்த 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு கெடு வச்சாங்க, அதனால புகார் போட்ட நேரத்தோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை.

அக்கவுண்ட் உன் ஐடி கார்டுல தொறந்தது. சைட்டோட கணக்குல ஏஜென்சின்னு ஒருத்தன் கிடையாது, பொறுப்பு முழுக்க உன்னோடதுதான், அதே காரணத்தால அத திருப்பிக் கேக்கற உரிமையும் உனக்குத்தான். உன் பாஸ்போர்ட் போட்டோவோட சப்போர்ட்டுக்கு எழுது, மெயில் ஐடி என்னோடது இல்ல, மாத்திக் குடுங்க, பணம் போற பேங்க் அக்கவுண்ட நிறுத்துங்கன்னு. மிரட்டல் மெசேஜ் எதையும் டெலீட் பண்ணாத, பதிலும் போடாத, ஒரு ரூபா கூட அனுப்பாத, ஒரு தடவை குடுத்தா அடுத்த மாசம் திரும்ப வருவான்.

அப்பாகிட்ட நீயே சொல்றதா வேணாமான்னு மெயில்ல கேட்டிருந்த. அவர எனக்குத் தெரியாது, அதனால சொல்லுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அதே மெயில்ல உன் சொந்த அக்காவ பத்தி ரெண்டு எடத்துல எழுதியிருக்க, ஓசூர்ல இருக்கா, சண்டை போட்டாலும் பேசுவான்னு. லிங்கராஜபுரத்துலேர்ந்து ஓசூர் ரெண்டு மணி நேர பஸ்ஸு. சனிக்கிழமை போய்ட்டு வா.